துப்பாக்கிக் குழலுக்குள் நிற்கும் என் மைத்துனருக்கு

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்த பிறகு.

ஓசூரில் மகள் வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் அருமை மைத்துனர் திரு. முத்துக்குமார் அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் புருஷன் நமச்சிவாயம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. காமாட்சியம்மன் பார்வையில் இவ்விடம் தங்கள் அக்காள் கமலாட்சியும் நானும் தறியும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் நெஞ்சுக்குள் டாக்டர் வைத்த ஸ்டென்ட்டும், குழந்தை மஹாலட்சுமியும், மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் உப்பைக் குறைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு சந்தோஷம். ஊறுகாயையும் விட்டுவிட்டால் இன்னும் சந்தோஷம்.

கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று தாங்கள் கேட்கலாம். போன் செய்தால் எடுப்பது மஹாலட்சுமி. எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, வேலைக்கார அம்மா எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கையில் நான் துப்பாக்கி, ஓட்டை, சாவு என்று பேச முடியுமா? விஷயம் தங்கள் உயிரைப் பற்றியது. ஆகவே இதைத் தனியாக உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்தால் சுவரில் சாய்ந்துகொண்டு படிக்கவும்.

தாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, திருப்புட்குழிக் கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றியை விரட்ட வைத்திருந்த அந்த ‘பாயிண்ட் இருபத்திரண்டு’ ரகத் துப்பாக்கியை என்னிடம் ஒப்படைத்தீர்கள். லைசென்ஸில் தங்களுக்கு அடுத்தபடி அதை வைத்துக்கொள்ளலாம் என்று என் பெயரும் இருக்கிறது, ஆகவே அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை. "மாமா, சுடல்லாம் வேணாம். குழாய மட்டும் அப்பப்போ தொடச்சி வையுங்க. துரு புடிச்சா அப்பறம் அது துப்பாக்கி இல்ல, வெறும் பைப்பு" என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதும் சொன்னீர்கள். மற்ற மனிதர்கள் அந்த நேரத்தில் பெண்டாட்டியை நினைப்பார்கள், சாமியை நினைப்பார்கள். தாங்கள் பைப்பை நினைத்தீர்கள். நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது என்பதைத் தாங்கள் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

துடைக்க உட்கார்ந்த பிறகுதான் அந்தத் துப்பாக்கியின் கோளாறு எனக்குப் புரிந்தது. ஒரு குண்டு போனதும் அடுத்தது தானாக வந்து உட்காருகிற ரகம் அது. அதனால் பின்பக்கம் ஒரே இரும்புச் சுவர். துடைக்கிற கம்பியைக் குண்டு வெளியே வருகிற வாய் வழியாகத்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது. அப்படி விட்டால் குழலில் இருக்கிற கரியெல்லாம் எங்கே போகும்? நேராக உள்ளே, மிஷினுக்குள்ளே போகும். நான் பிறந்ததிலிருந்து தறியில் இருக்கிறவன். எங்கள் தொழிலில் பாவு நூல் பின்னால் இருந்து அச்சுக்குள் நுழைந்து முன்னால் நெய்பவனிடம் வரும். குப்பை, பிசிறு, முடிச்சு எதுவானாலும் முன்னால் வந்து கையில் சிக்கும், எடுத்துப் போடுவோம். முன்னால் வந்த குப்பையைத் திரும்பவும் பாவுக்குள் தள்ளுகிறவனை எங்கள் தெருவில் தறிமேல் ஏறவிட மாட்டார்கள். உள்ளே போன கரியை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பின்பக்கச் சுவரில் கம்பி நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டால் போதும், கம்பி பின்னால் நுழைந்து நேராக முன்னால் வரும், அழுக்கு வெளியே விழும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். அமெரிக்காவிலும் இப்படிச் செய்கிறார்களாம், யூடியூபில் பார்த்தேன். ஆனால் இங்கே அதற்கென்று அனுமதி பெற்ற மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியில் கை வைக்கக் கூடாது என்பது ஓட்டை போட்ட பிறகுதான் தெரியவந்தது. அதைப் பற்றித் தாங்கள் இப்போது கோபப்பட வேண்டாம். கோபப்படுவதற்கு இதைவிடப் பெரிய விஷயம் பின்னால் வருகிறது.

தறியில் டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் செய்கிற தேவேந்திரனின் லேத் பட்டறைக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்பதே பெரும்பாடாகிவிட்டது. துப்பாக்கியைப் பழைய போர்வையில் வைத்து, மேலே பாவு சுற்றுகிற துணியைச் சுற்றி, பாவு எடுத்துப் போகிறவன் போலத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பிள்ளையார்பாளையத்தில் தோளில் பாவோடு போகிறவனை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. தோளில் பாவு இல்லாமல் போகிறவனைத்தான் இங்கே கவனிக்க மாட்டார்கள். முனையில் மாஸ்டர் வீவர் அர்ஜுனன் நிறுத்தினார். "இன்னாபா நமச்சிவாயம், புதுப் பாவா? இன்னா கலரு?" என்றார். என் வாயில் சனி, "மயில் கழுத்து" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, நானே அதத்தான் தேடிக்கினு இருக்கிறேன். காட்டு பாக்கலாம்" என்று அவர் கையை நீட்ட, நான் பின்னால் நகர, அவர் தொட்டுப் பார்த்து "இன்னாபா இது, இரும்பு மாதிரி கீது, கஞ்சி ஜாஸ்தியா போட்டுட்டியா?" என்று கேட்க, "ஆமாங்க, கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். நமச்சிவாயத்துக்குப் பாவுக்குக் கஞ்சி போடத் தெரியவில்லை என்று இப்போது ஊர் முழுக்கப் பேச்சு. நாற்பது வருஷத் தொழில் மானம் தங்கள் பைப்புக்காகப் போனது.

தேவேந்திரன் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்தான். பிறகு, லேத்காரன்தானே, ஓட்டை போட வேண்டும் என்றதும் பயத்தை மறந்துவிட்டான். வேலை சுத்தமாக முடிந்தது. ஓட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, குழலைப் பட்டறை வாசல் பக்கம் திருப்பி வைத்து, பின்னால் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தான். வாசலில் ரோடு. ரோட்டில் ஆட்டோக்கள், எதிரே ஜூஸ் கடை. தேவேந்திரன் கண்ணை எடுத்தான். துடைத்தான். மறுபடி வைத்தான்.

"இன்னாபா, ஓட்ட நேரா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஓட்ட நேராத்தான் இருக்குதுண்ணா. ஆடுதான் திரும்பி நிக்குது."

"எந்த ஆடு?"

"நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டான்.

நான் பார்த்தேன். குழலின் உள்சுவரில் முறுக்கு முறுக்காக வரி ஓடுகிறது, தங்களுக்குத் தெரியும். அந்த முறுக்கின் கடைசியில் சின்ன வட்டமாக ஜூஸ் கடை தெரிய வேண்டும். ஜூஸ் கடை இல்லை, ஆட்டோ இல்லை, ரோடு இல்லை. ஒன்றுமே இல்லாத, வெளுத்த ஒரு வெளி. அதன் நடுவே வெகு தூரத்தில் ஒரு கறுப்பு ஆட்டுக் கிடா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாலை ஆட்டியது. நான் கண்ணை எடுத்துப் பார்த்தேன். ஜூஸ் கடையில் ஒருவர் சாத்துக்குடி குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி கண்ணை வைத்தேன். ஆடு. தேவேந்திரன் கூலி வாங்க மறுத்துவிட்டான். இனி அவன் பட்டறைக்கு ஜக்கார்டு பெட்டியைத் தவிர வேறெதையும் கொண்டுவர வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஆடு கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. இங்கேதான் தாங்கள் கவனிக்க வேண்டும். அது திரும்பி நடந்து வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கிட்டே வந்திருந்தது. நான் பார்க்கும்போது அது அசையவே இல்லை, வாலைத் தவிர. கண்ணை எடுத்துவிட்டு அடுத்த தடவை வைத்தால் இன்னும் கிட்டே நின்றது. மறுநாள் காலை அதன் காதில் பொத்தல் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொத்தலைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மாளின் கிடா. பூவம்மாள் வீட்டு வாசலை எட்டிப் பார்த்தேன், கிடா அங்கே சௌக்கியமாகச் சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து குழலில் பார்த்தேன். குழலுக்குள் இருந்த கிடா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தது. அவ்வளவுதான். வெளியே பூவம்மாளின் கூச்சல் கேட்டது. கிடா சுவரொட்டியை வாயில் வைத்தபடியே விழுந்து செத்துப்போயிருந்தது.

பூவம்மாள் சும்மா இருப்பாளா? "நமச்சிவாயத்துகிட்ட துப்பாக்கி கீதுன்னு எனக்குத் தெரியாதா? ஜன்னலாண்ட நீட்டிக்கினு இருந்தத என் கண்ணால பாத்தேன். என் கிடாவ சுட்டுட்டான், பாவி" என்று தெருவைக் கூட்டிவிட்டாள். தெருவே கிடாவைப் புரட்டிப் புரட்டிக் குண்டு பட்ட இடத்தைத் தேடியது. காதில் இருந்த பொத்தலைக் காட்டி "இதோ" என்றாள். அது போன ஆடியில் அவளே குத்தியது என்று அவள் புருஷனே சொன்ன பிறகுதான் அடங்கினாள். நான் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது. ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், தாங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும். அந்த ஓட்டைக்குள் முகம் திரும்பினால் இங்கே உயிர் போகிறது. இதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகக் கூடாது என்று துப்பாக்கியை மச்சில் போட்டேன். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே, குழாயைத் துடைக்க வேண்டுமே! செவ்வாய்க்கிழமை காலை எடுத்தேன். கம்பி பின்னால் நுழைந்து முன்னால் அழகாக வந்தது, அழுக்கு கைத்துணியில் சுத்தமாக விழுந்தது. யோசனை நல்ல யோசனைதான், அதை இப்போதும் சொல்வேன். துடைத்தது சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். வெளுத்த வெளி. நடுவில் ஒரு ஆள், வெகு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு.

அது தாங்கள்தான்.

இதுவரைக்கும் தாங்கள், தாங்கள் என்று எழுதிவிட்டேன், இனிமேல் எழுத முடியாது முத்துக்குமார். நீ என்றே எழுதுகிறேன். முதலில் யாரென்று தெரியவில்லை. மறுநாள் கொஞ்சம் கிட்டே வந்ததும் தெரிந்துவிட்டது. சரிந்த தோள். ஒரு பக்கமாகச் சாய்ந்த நிற்பு, எங்கேயோ பஸ்ஸை விட்டவன் போல. மடித்துக் கட்டிய வேட்டி, அதுவும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு. பனியனுக்கு மேலே கூன் விழுந்த முதுகு. தலையின் பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சொட்டை, அதில் வெயில் பட்டுப் பளபளக்கிறது. அப்போதே சொன்னேன், இவ்வளவு அசிங்கமான முதுகு இந்தக் குடும்பத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு, அது என் மைத்துனன் என்று. தப்பாக நினைக்காதே. உன் கல்யாணத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான், அந்தக் காலத்திலேயே உன் முதுகு எனக்குப் பிடிக்கவில்லை.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள உன் அக்காளைக் கூப்பிட்டேன். அவள் முதலில் திட்டினாள். "கண்ணுல புரை வந்தா டாக்டராண்ட போங்க. துப்பாக்கில வெச்சித் தேய்ச்சா சரியாயிடுமா? ஆடு தெரியுதாம், ஆளு தெரியுதாம். தறில பாதி பொடவ தொங்கிக்கினு இருக்குது, இவுரு பயாஸ்கோப் பாத்துக்கினு இருக்குறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கண்ணை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. குக்கர் விசில் மேல் விசில் அடித்தது, எடுக்கவில்லை. நானே அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் அந்த ஓட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி.

"தெரிஞ்சுதா? அவன்தானே?" என்றேன்.

"தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச முதுகுதான்" என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

முத்துக்குமார், உன்மேல் உன் அக்காளுக்கு இவ்வளவு பாசம் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அன்றிலிருந்து அவள் ஆளே மாறிவிட்டாள். என்னைத் திட்டுவதே இல்லை. காலையில் "எழுந்திரிங்க, காபி ஆறிடும்" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை எழுப்ப அவள் செய்தது பாத்திரத்தைப் போடுவதுதான். கத்திரிக்காய் கொத்சு செய்கிறாள், நெய் ஊற்றுகிறாள், நான் போதும் என்ற பிறகும் ஊற்றுகிறாள். மொட்டை மாடிக்கு நான் துணி காயப்போடப் போனால் "வேணாம், படி வழுக்கும்" என்று பிடுங்கிக்கொள்கிறாள். ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் எல்லோர் எதிரிலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "விடுடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாக்கட்டும்" என்றாள். தம்பிமேல் இருக்கிற துக்கத்தைப் பாவம் யாரிடம் காட்டுவாள், பக்கத்தில் நான்தானே இருக்கிறேன் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்பது உனக்குத் தெரியாததா? உன்னைத்தானே அவள் பிள்ளையாக வளர்த்தாள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்துக்கொண்டு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று கேட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் பட்டுநூல் கட்டிக்கொண்டாள், அரக்கு பீரோவுக்கு, பச்சை பின்கதவுக்கு என்று. மோட்டார் சுவிட்சை எப்படிப் போடுவது, கேஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் செய்வது என்று எல்லாம் கேட்டாள். அப்புறம் தறிக்கு வந்தாள். எங்கள் தறியில் ஓடுவது கோர்வைப் புடவை, அதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நான் குழியில் உட்கார்ந்து உடலை நெய்வேன், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைப் போட்டுக் கோர்ப்பாள். இத்தனை வருஷமாக அதுதான் ஏற்பாடு. இப்போது, "உங்க பக்கத்து வேலையும் எனக்குக் காட்டிக் குடுங்க" என்கிறாள்.

"எதுக்குடி?"

"சும்மாதான். ஒத்த ஆளா உக்காந்து கோர்வை போட முடியுமா?"

"முடியாது. கோர்வைன்னா ரெண்டு பேருதான்."

"அப்போ ஒத்த ஆளு இன்னா நெய்யிறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பாவில் அறுந்த இழை ஒன்றும் இல்லாத இடத்தில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தாள். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் ஓசூரில் காரியம் முடிகிறவரை அவள் அங்கே தங்க வேண்டுமே, அதுவரை நான் தனியாக என்ன நெய்வேன் என்ற கவலை என்று நினைத்துக்கொண்டு, "நீ கவலப்படாத, ஓரம் இல்லாத சாதா பொடவ நெய்யலாம்" என்றேன். அவள் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பைப்பில் தண்ணீர் ஒழுகினால் பூசுகிற பசையைக் குழைத்து ஓட்டையை அடைத்தேன். காலையில் பசை உருண்டையாகத் தரையில் கிடந்தது. பித்தளைத் திருகு ஒன்றைப் போட்டு முடுக்கினேன். அதுவும் தரையில் கிடந்தது, பக்கத்தில் அழகாக நிற்கவைத்தாற்போல. விபூதி வைத்து அடைத்தேன். விபூதி அப்படியே இருந்தது, ஆனால் அதன் வழியாகவும் தெரிந்தது. பார்க்காமல் இருக்கலாமே என்பாய். பார்க்காமல் இருந்தால் நீ எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை பிற்பகலில் உன் பனியனில் இருக்கிற கிழிசல் தெரிந்தது. இன்று காலை உன் பின்கழுத்தின் சுருக்கம் தெரிகிறது. கை நீட்டினால் தொடலாம் போல இருக்கிறது. குழலில் காதை வைத்தால் மூச்சு விடுகிற சத்தம்கூட லேசாகக் கேட்கிறது, சளி கட்டின மூச்சு. நீ ஆவி பிடிக்கிறாயா இல்லையா?

ஆகவே முத்துக்குமார், வயதில் மூத்தவன் சொல்கிறேன், ஒன்றே ஒன்றைச் செய். யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. பின்னாலிருந்து மஹாலட்சுமி அப்பா என்றாலும் திரும்பாதே, அவளை முன்னால் வந்து பேசச் சொல். தெருவில் தெரிந்தவன் எவனாவது குரல் கொடுத்தால் செவிடன் மாதிரி நட. டாக்டர் திரும்பி உட்காரச் சொன்னால் டாக்டரைச் சுற்றிவரச் சொல். உன் மரியாதை போகும், போகட்டும். உயிர் பெரிதா, மரியாதை பெரிதா? கடலைக் கொல்லையை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடு. பன்றி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், அதற்கும் வயிறு இருக்கிறது. மஹாலட்சுமியிடம் எதை எங்கே வைத்திருக்கிறாய் என்று இன்றைக்கே சொல்லிவை, என்னை மாதிரி விவரமாக, ஒவ்வொரு சாவிக்கும் கலர் நூல் கட்டி. உன்னை எனக்குப் பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பிடிக்கும்தான். முதுகு மட்டும்தான் பிடிக்காது.

துப்பாக்கியைத் திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிடுகிறேன். ஓட்டையைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லி, என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். அது என் தலையெழுத்து. நீ எழுந்து நடமாடி, பேரன் பேத்தி எடுத்து, ஊறுகாயே இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். குழந்தை மஹாலட்சுமிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் தாயாருக்கு என் வணக்கம். காமாட்சி விளக்கை ஏற்றிவைத்து உனக்காகத் தினமும் உன் அக்காள் கும்பிடுகிறாள், கும்பிடும்போது கண்ணை என் பக்கமே வைத்திருக்கிறாள். பயமாக இருக்கிறதாக்கும்.

இப்படிக்கு,
உன் நலம் தவிர வேறொன்றும் வேண்டாத,
ப. நமச்சிவாயம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் நீ மறந்துவிடலாம். கவரை ஒட்டுவதற்கு முன்னால், உன் நிலைமை இப்போது எப்படி என்று ஒரு வரி சேர்த்து எழுதலாமே என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். அந்த ஆள் திரும்பினான். நீ இல்லை முத்துக்குமார். நான்.

என் தலையின் பின்பக்கம் இவ்வளவு மோசமாகிவிட்டது என்று இத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த முதுகைப் பற்றி நான் எழுதிய வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் முதுகு ரொம்ப நல்ல முதுகு. நீ யார் கூப்பிட்டாலும் தாராளமாகத் திரும்பிப் பார், டாக்டர் சொன்ன பக்கம் எல்லாம் திரும்பி உட்கார். கடலைக் கொல்லையைக் குத்தகைக்கு விட வேண்டாம். ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தாமதமாக வருகிற சொந்தக்காரனைப் பார்த்து "வா, வா, பந்தி போட்டாச்சு" என்பார்களே, அந்த மாதிரி இருந்தது. பயந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பயந்தேன்தான். நிமிர்ந்தால் பின்னால் கமலாட்சி நின்றுகொண்டிருந்தாள். "அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்றேன். "முதுகப் பாத்தாலே தெரியாதா எனக்கு?" என்றாள். கிடாவுக்கு உயிர் உடனே போய்விட்டது. எனக்கு இன்னும் போகவில்லை, ஆகவே எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் போல.

நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. எனக்காக இல்லை, அவளுக்காக. துப்பாக்கியை நீயே ஸ்டேஷனில் ஒப்படை, அந்த ஓட்டைப் பக்கம் மட்டும் போகாதே. அவள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே போய் உட்கார், பேசாவிட்டாலும் பரவாயில்லை. கோர்வை நெய்ய அவளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும், நீ கற்றுக்கொள்ளலாம், மூளை கொஞ்சம்தான் வேண்டும். தறியில் இருக்கிற புடவையில் முந்தானை மட்டும்தான் பாக்கி. அவள் தறியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள், கையில் கரை நாடாவோடு. "வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே போட்டுடலாம்" என்கிறாள். போகிறேன். கவரில் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். தபாலில் போடுவது அவள் பொறுப்பு.